சர்வர் அப்கிரேடுக்குச் சரி சொல்லும் முன்

"சனிக்கிழமை ராத்திரி சர்வரை அப்கிரேடு பண்ணிடுறோம் சார், காலையில வழக்கம்போல கடை திறக்கலாம்" என்று சாஃப்ட்வேர்காரர் போன் செய்தால் உடனே தலையாட்டிவிடாதீர்கள். வேண்டாம் என்று தள்ளிப்போடவும் முடியாது. சிறு நிறுவனங்கள் பலவற்றில் இன்னும் ஓடுகிற மைஎஸ்க்யூஎல் 5.7 டேட்டாபேஸுக்கான ஆதரவு 2023 அக்டோபரோடு முடிந்துவிட்டது. இனி அதில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அடைத்துத் தர ஆளில்லை.

முதலில், எந்த வெர்ஷனிலிருந்து எதற்கு என்று கேளுங்கள். 5.7-லிருந்து 8.4-க்கு நேராகத் தாவ முடியாது, நடுவே 8.0-க்கு வந்தாக வேண்டும். ஏறியபின் 5.7-க்கு இறங்கவும் வழியில்லை. முன்பு எடுத்த பேக்கப்பைக் கொண்டு பழைய சர்வரை எழுப்பலாம், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை போட்ட பில்கள் அதில் இருக்காது. கையால் மறுபடி ஏற்ற வேண்டும். "பேக்கப் இருக்கு" என்ற வாய்வார்த்தை போதாது. அதை வேறொரு கணினியில் ஏற்றி, நேற்றைய கடைசி பில் வருகிறதா என்று உங்கள் கண்ணெதிரே காட்டச் சொல்லுங்கள். பிரதி ஒன்று உங்கள் கையில் இருக்கட்டும்.

அதே கணினியிலேயே அப்கிரேடு ஒத்திகையும் நடக்கலாம். உதாரணமாக, பள்ளி மதிப்பெண் மென்பொருளில் 'ரேங்க்' என்று ஒரு கட்டத்துக்குப் பெயர் வைத்திருப்பார்கள், 8.0-இல் அது ஒதுக்கப்பட்ட சொல், அந்த அறிக்கை அப்படியே நின்றுபோகும். வரிசையாக வந்த பட்டியல் கலைந்து வரலாம். தமிழ்ப் பெயர்களை அவசியம் திறந்து பாருங்கள். பழைய லத்தீன்1 எழுத்துக் குறியாக்கத்தில் பதிந்தவை புதிய யூடிஎஃப்8எம்பி4 இணைப்பில் கிறுக்கலாகத் தெரியக்கூடும்; ஆங்கிலப் பெயர்களோ ஒழுங்காகவே இருக்கும். மைஎஸ்க்யூஎல் ஷெல்லின் இலவசச் சரிபார்ப்புக் கருவி டேட்டாபேஸைச் சோதிக்கும், ஆனால் உங்கள் மென்பொருளுக்குள் எழுதப்பட்ட டேட்டாபேஸ் க்வெரிகள் அதன் கண்ணில் படாது.

டேட்டா பத்திரமாகப் போனாலும் தலைவலி வரலாம். 2018 ஏப்ரலில் பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி வாடிக்கையாளர் விவரங்களைப் புதிய தளத்துக்கு மாற்றியது. விவரங்கள் போய்ச் சேர்ந்தன, தளம்தான் தாங்கவில்லை. அதற்காக 2022-இல் வங்கிக்கு விதிக்கப்பட்ட அபராதம் 4.865 கோடி பவுண்டு.

இங்கே இந்தியாவில் 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. உங்களுக்காக வேறொருவர் டேட்டாவைக் கையாண்டாலும் பொறுப்பு உங்களுடையது. தகுந்த பாதுகாப்பு செய்யத் தவறினால் அபராதம் ரூ.250 கோடி வரை போகலாம். பெயர் சிதைந்துபோன வாடிக்கையாளர் திருத்தித் தரக் கேட்கும் உரிமையும் அதில் உண்டு. 2025 நவம்பரில் வெளியான விதிகளின்படி இந்தக் கடமைகள் 2027 மே மாதம் அமலாகும். சைபர் தாக்குதலையோ டேட்டா கசிவையோ 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற உத்தரவு 2022 முதலே இருக்கிறது.

சாஃப்ட்வேர்காரரிடம் மூன்றை எழுத்தில் வாங்குங்கள்: சிக்கல் வந்தால் எத்தனை மணி நேரத்துக்குள் பழையபடி ஆக்குவார், அந்தச் செலவு யாருடையது, அட்மின் பாஸ்வேர்டு உங்களிடமும் இருக்கும் என்ற உறுதி. பலர் மூன்றாவதற்குத்தான் முகம் சுளிப்பார்கள். அதைத் தர மறுப்பவரிடம் பேக்கப் பிரதி கைக்கு வரும்வரை தேதி கொடுக்காதீர்கள். கொடுக்கும்போதும் ஜிஎஸ்டி தாக்கல் செய்யும் 11, 20 தேதிகளை ஒட்டிய வார இறுதி வேண்டாம்.