'டக்' சத்தம் கேட்கிறதா?

"எங்கள் வீட்டில் ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ். மோட்டார் நிற்காமல் ஓடுகிறது. ஃப்ரீசரில் ஐஸ் மலையாகக் குவிகிறது, கீழ்த்தட்டில் தக்காளிகூடக் கல்லாகிவிட்டது. மெக்கானிக் 'கேஸ் போயிடுச்சு' என்கிறார். உண்மையா?" என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்.

இல்லை. கேஸ் கசிந்த ஃப்ரிட்ஜும் ஓயாமல் ஓடும். ஆனால் வேண்டிய அளவு குளிராது. ஓயாமல் ஓடி, தக்காளி உறையும்வரை குளிர்ந்தால் சந்தேகப்பட வேண்டியது தெர்மோஸ்டாட்டை.

உள்ளே 0 முதல் 7 வரை எண் போட்ட குமிழ் இருக்கிறதல்லவா, அதன் பின்னால் ஒரு சின்னப் பெட்டி; அதுதான் தெர்மோஸ்டாட். அதிலிருந்து கம்பி போன்ற மெல்லிய குழாய் கிளம்பி, அதன் நுனி ஃப்ரீசர் தகட்டோடு ஒட்டி நிற்கும். குழாய்க்குள் எளிதில் ஆவியாகும் திரவம் துளியளவு. தகடு சூடேறினால் ஆவி பெருகி, பெட்டிக்குள் இருக்கும் மடிப்புத் துருத்தியை உப்பவைக்கும். எதிரே ஒரு ஸ்பிரிங். துருத்தி ஜெயித்தால் மோட்டார் ஓடும். தகடு குளிர்ந்து ஆவி சுருங்கினால் ஸ்பிரிங் ஜெயிக்கும், மோட்டார் நிற்கும். குமிழைத் திருப்புவது அந்த ஸ்பிரிங்கை இறுக்குவதும் தளர்த்துவதும்தான். 7-இல் வைத்தால் சீக்கிரம் குளிராது. அதிக நேரம் ஓடும், அவ்வளவே.

இதே சண்டை அடுப்படியில் தினமும் நடக்கிறது. குக்கரில் நீராவி துருத்தி, வெயிட்தான் ஸ்பிரிங். ஒரு விசில் அடங்கியதும் அடுத்தது உடனே வராது. அழுத்தம் மறுபடி சேர வேண்டும். தெர்மோஸ்டாட்டிலும் நிறுத்தும் குளிருக்கும் மறுபடி ஓடவிடும் குளிருக்கும் இடையே சில டிகிரி இடைவெளி உண்டு. அது இல்லாவிட்டால் மோட்டார் நொடிக்கு நொடி ஓடி நின்று எரிந்துபோகும். வளைந்த தகடு ஒன்று மெதுவாக நகராமல் 'டக்'கென்று தாவுவதால்தான் இந்த இடைவெளி கிடைக்கிறது.

இன்னும் கொஞ்சம் தூரம் இந்தக் குக்கரைத் தூக்கிக்கொண்டு ஊட்டிக்குப் போகலாம். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் சென்னையில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல். வெயிட்டுக்குத் துணையாக மேலிருந்து அழுத்தும் காற்று அங்கே இளைத்துவிடுகிறது; நீராவி அவ்வளவு சூடேறும் முன்பே வெயிட் எழும்பிவிடும், பருப்பு வேகக் கூடுதல் நேரம் பிடிக்கும். துருத்திக்கும் இதே கதை. எதிர்ப்பு குறைந்ததால், ஆவி நன்றாகச் சுருங்கிய பிறகுதான் அது தோற்கும். சென்னையில் 4-இல் சரியாக இருந்த ஃப்ரிட்ஜ், ஊட்டியில் அதே 4-இல் கூடுதலாகக் குளிரும். கடிகாரத்தைவிட எளிய ஒரு பொறி, தான் எந்த மலையில் நிற்கிறது என்பதையும் உணர்கிறது!

வரலாறும் கேட்பீர்கள். 'தெர்மோஸ்டாட்' என்ற சொல் 1830-இல் ஆண்ட்ரூ யூர் என்ற ஸ்காட்லாந்து வேதியியலர் தந்தது. அவருடைய கருவி வளையும் உலோகப் பட்டையை நம்பியது. இது போதும்.

குழாய் விரிசல் விட்டு ஆவி வெளியேறினால் என்ன ஆகும்? அழுத்தம் இல்லை என்றால், துருத்தியின் மொழியில் 'கடுங்குளிர்' என்று பொருள். உள்ளே விளக்கு எரியும், மோட்டார் கிளம்பவே கிளம்பாது. வாசகியின் வீட்டில் நேர்மாறு: ஒன்று, பெட்டிக்குள் மோட்டாருக்கு மின்சாரம் விடும் தொடுமுனைகள் தீப்பொறியில் உருகி ஒட்டிக்கொண்டிருக்கும்; இல்லை, குழாயின் நுனி தகட்டைவிட்டு நழுவி, தகட்டுக்குப் பதில் காற்றின் சூட்டை வாசித்துக்கொண்டிருக்கும்.

குமிழைப் பூஜ்யத்துக்குத் திருப்புங்கள். 'டக்' கேட்டு மோட்டார் நின்றால் முனைகள் நலம், குழாயின் நுனியைப் பாருங்கள். பூஜ்யத்திலும் ஓடினால் முனைகள் ஒட்டிவிட்டன என்றே கொள்ளலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். இடையில் ஐஸைக் கத்தியால் குத்த வேண்டாம். தகடு ஓட்டையானால் கேஸ் கசியும்; இப்போதைய ஃப்ரிட்ஜ்கள் பலவற்றில் இருப்பது தீப்பற்றும் ஐசோபியூட்டேன்.

'இதற்குத்தான் ஸ்மார்ட் ஃப்ரிட்ஜ்' என்று கடைக்காரர் சொல்லக்கூடும். அதிலும் ஒரு சென்சார் உரிய இடத்தில் இருந்து வெப்பத்தை வாசித்தாக வேண்டும். அது நழுவினால் எந்தச் செயற்கை நுண்ணறிவும் தக்காளியைக் காப்பாற்றாது. புது தெர்மோஸ்டாட் சில நூறு ரூபாய்தான். மாட்டும்போது பக்கத்தில் நின்று, பழைய குழாயின் நுனி இருந்த அதே கிளிப்பில் புதியதையும் தகட்டோடு அழுத்திச் செருகுகிறாரா என்று பாருங்கள்.