வீட்டிலிருந்து ஆபீசுக்கு ஒரு தனி வழி

வேலையை விட்டுவிடலாமா என்று தவிக்கும் தோழியருக்காக இதை எழுதுகிறேன். மாமியார் இடுப்பு எலும்பு முறிந்து படுத்தபோது எனக்கும் அதே நிலைமைதான். சின்னக் கம்பெனியில் கணக்கு எழுதும் வேலை. கணக்கெல்லாம் ஆபீஸ் கம்ப்யூட்டரில்!

'விபிஎன்' போட்டால் வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். இன்டர்நெட் என்பது பொதுச் சாலை. அதற்குள்ளேயே நமக்கென்று பூட்டிய சுரங்கப்பாதை இது. போகிற விவரம் எல்லாம் சங்கேதமாகிவிடுவதால் நடுவில் யாரும் படிக்க முடியாது.

முதலாளியோ, "எதுக்கும்மா இவ்ளோ சிரமம்? ரிமோட் டெஸ்க்டாப்பை அப்படியே வெளியில திறந்து விட்டாப் போச்சு" என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. 3389 என்ற அந்தக் கதவைத் தட்டிப் பார்ப்பதையே தொழிலாக வைத்திருக்கிறார்கள். பாஸ்வேர்டை ஊகித்து உள்ளே வந்து, கணக்கையெல்லாம் பூட்டிவிட்டுப் பணம் கேட்பார்கள். எல்லார் சம்பளக் கணக்கும் அதில்தானே இருக்கு!

ஆபீஸ் ரவுட்டரில் 'வயர்கார்டு' வசதி இருந்தது. 2020ல் லினக்ஸிலேயே சேர்த்துவிட்ட இலவச மென்பொருள். இரு பக்கமும் தலா இரண்டு சாவி. ஒன்றை எதிர்ப்பக்கம் கொடுக்கலாம். ரகசியச் சாவியை மட்டும் வாட்ஸ்ஆப்பில் அனுப்பவே அனுப்பாதீர்கள்.

இணைப்பு கிடைத்தது, கணக்கு மட்டும் திறக்கவே இல்லை. இரண்டு நாள் மண்டை காய்ந்தது. பார்த்தால், வீட்டு ரவுட்டரும் 192.168.1 வரிசை, ஆபீசும் அதே வரிசை! நம் தெருவிலும் 5ஆம் நம்பர், அங்கேயும் 5ஆம் நம்பர் என்றால் போஸ்ட்மேன் என்ன செய்வார், பாவம்? வீட்டு வரிசையை 192.168.50 என்று மாற்றினேன், உடனே திறந்தது.

ஆரம்பிக்கும் முன்பே ஆபீஸ் இணைப்புக்குத் தனி பொது முகவரி உண்டா என்று கேளுங்கள். ஒரே முகவரியைப் பல பேருக்குப் பங்கு போட்டிருந்தால் வெளியிலிருந்து நேராக நுழைய முடியாது. நிரந்தர முகவரிக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டியிருக்கும். அதை ஆபீசே கட்டட்டும், நம் கைக்காசைப் போடாதீர்கள்.

இப்போது மாமியார் மதியம் தூங்கும் நேரத்தில் பில்கள் முடிந்துவிடுகின்றன. அமைப்பில் ஆபீஸ் முகவரிகளை மட்டும் குறித்திருப்பதால், அதே கம்ப்யூட்டரில் பிள்ளைகள் பார்க்கும் கார்ட்டூன் ஆபீஸ் வழியாகப் போவதில்லை.

- ஒரு வாசகி, ஈரோடு.