அடுப்பும் நடையும் அன்றாட ஒழுங்கும்

இடிந்த வீட்டை எழுப்புவதற்குக் கல்லும் மணலும் சீமெந்தும் போதும். குலைந்த வாழ்வொன்றை மீண்டும் எழுப்புவதற்கு எவை வேண்டும் என்ற கேள்விக்கு விடை அவ்வளவு எளிதன்று. பெருந்துயர் தாக்கும்போது மனிதன் இழப்பது உற்றாரையும் உடைமையையும் மட்டுமன்று. காலையில் எதற்காக எழுவது, நண்பகலில் என்ன செய்வது, அந்தியில் யாருக்காக வீடு திரும்புவது என்னும் நாளின் ஒழுங்கையும் அவன் இழந்துவிடுகிறான். அந்த ஒழுங்கை மீட்பதே வாழ்வை மீட்பதன் முதற்படி என்பதை இலங்கையின் தென்கிழக்குக் கரையோர ஊர்களின் அனுபவம் நன்கு விளக்குகின்றது.

மட்டக்களப்பிலிருந்து தெற்கே ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது கல்முனை. அதன் அருகே மருதமுனை, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, நிந்தவூர் எனத் தமிழ் பேசும் முஸ்லிம் ஊர்கள் கடலை ஒட்டி வரிசையாக அமைந்திருக்கின்றன. பாண்டிருப்பு, காரைதீவு போன்ற தமிழ் ஊர்களும் இடையிடையே உண்டு. கிழக்கே கடல், மேற்கே நெல்வயல். இரண்டுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலப்பரப்பில் வீடுகள் நெருங்கி நிற்கின்றன. மீன்பிடி, வேளாண்மை, வாணிபம், மருதமுனையின் கைத்தறி ஆகியவை இம்மக்களின் தொழில்கள். 1978 நவம்பரில் வீசிய சூறாவளியின் கொடுமையை இக்கரை அனுபவித்திருந்தது. ஆயினும் 2004ஆம் ஆண்டு நேர்ந்தது எவரும் எண்ணிப் பாராதது.

அவ்வாண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, முழுமதி நாள். இலங்கை நேரப்படி காலை ஏழு மணியளவில் சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியில் பெரும் பூகம்பம் நிகழ்ந்தது. சுமார் இரண்டு மணி நேரத்தில் ஆழிப்பேரலை கிழக்குக் கரையை வந்தடைந்தது. நாடு முழுவதிலும் மாண்டோரும் காணாமற்போனோரும் 35,000க்கு மேல். அவர்களுள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் அம்பாறை மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். வேறெந்த மாவட்டமும் இத்தனை உயிர்களை இழக்கவில்லை.

இவ்விழப்பின் தன்மையை ஓர் ஆய்வு தெளிவாகக் காட்டியது. 2005 மார்ச்சில் அம்பாறைக் கரையோர முகாம்களில் தங்கியிருந்த குடும்பங்களிடையே அது நடத்தப்பட்டது. அக்குடும்பங்களின் ஆண்களில் நூற்றுக்கு எண்மர் அளவிலும், பெண்களில் நூற்றுக்குப் பதினெழுவருக்கு மேலும் அலைக்குப் பலியாகியிருந்தனர். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் மூவரில் ஒருவர் அளவில் மாண்டிருந்தனர். தாயில்லாத பிள்ளைகளோடு தனித்து நின்ற தந்தையர் பலர் என்பதே இக்கணக்கின் பொருள். கிழக்கிலங்கை முஸ்லிம்களிடையே வீடு பெண்ணுக்கு உரியது. மகளுக்குச் சீதனமாக வீடு கொடுப்பதும், மணமகன் அவ்வீட்டுக்கு வந்து வாழ்வதும் வழக்கம். ஆகவே மனைவி இறந்து வீடும் அழிந்த நிலையில், தான் நிற்கும் இடம் எது என்று அறியாது பல ஆண்கள் திகைத்தனர்.

பாடசாலைகளும் பள்ளிவாசல்களும் முதற் புகலிடங்களாயின. அங்கே பெரும் பாத்திரங்களில் பொதுச் சமையல் நடந்தது. பசி தீர்ந்ததேயன்றி வாழ்வு திரும்பவில்லை. உணவு வரும் நேரத்தை எதிர்பார்த்திருப்பது, பெயர் பதிவதற்கு வரிசையில் நிற்பது, மீண்டும் பாயில் வந்து சாய்வது என நாட்கள் கழிந்தன. கிழக்கிலும் வடக்கிலும் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என்று முதலில் விதிக்கப்பட்டமையால், கரையோரக் குடும்பங்களின் காத்திருப்பு நீண்டது. வேலையற்ற கைகளும் ஓய்வற்ற நினைவுகளும் ஒரே கூடாரத்தில் குடியிருந்தன.

அந்நாட்களில் வழங்கப்பட்ட உதவிகளுள் சிறியதாகத் தோன்றும் ஒன்று குறிப்பிடத்தக்கது. பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்குச் சமையற் பாத்திரங்கள் வாங்குவதற்கென 2,500 ரூபா வழங்கப்பட்டது. ஒவ்வொருவருக்கும் வாரந்தோறும் 375 ரூபா பெறுமதியான உதவி கிடைத்தது. அதில் 200 ரூபா பணம், மீதி அரிசி முதலிய உலருணவு. ஒரு சட்டி, ஒரு பானை, ஓர் அகப்பை, கையில் சிறிது பணம் என்பன தரும் பயன் வயிற்றோடு முடிவதில்லை. இன்று என்ன சமைப்பது என்று தீர்மானிக்கும் உரிமை அவற்றோடு ஒரு குடும்பத்துக்குத் திரும்புகிறது. பிறர் இட்டதை ஏற்கும் நிலையிலிருந்து, தானே ஆக்கித் தன்னவர்க்கு இடும் நிலைக்கு மனிதன் மீள்கிறான்.

வீட்டுச் சமையல் துயருற்ற மனத்துக்கு எவ்வாறு துணைபுரிகிறது? சமையல் தொடக்கமும் முடிவும் உடைய வேலை. அரிசியைக் களைந்து உலையில் இட்டவர் சோறு வேகும்வரை அதைக் கவனித்தாக வேண்டும். தேங்காய் துருவிப் பால் பிழிந்து, முருங்கையிலையைப் பாலாணம் ஆக்குபவருக்குக் கண்ணும் கையும் மூக்கும் அவ்வேலையில் ஈடுபடுகின்றன. அந்த அரைமணி நேரம் கடந்ததன் நினைவு சற்றே விலகி நிற்கும். முடிவில் உண்பதற்கு ஒருவர் வந்து அமர்வார். ஒரு நாளில் மூன்று வேளை இவ்வாறு சிறு கடமையொன்றை நிறைவேற்றிய எண்ணம் உள்ளத்தில் படியும். பழகிய உணவின் மணமும் ஆறுதல் தருவது. அலைக்குப் பின் சில காலம் கரையோர மக்கள் பலர் மீனைத் தொட மறுத்தனர். கடல் எத்தனை பேரைக் கொண்டது என்ற நினைவே அதற்குக் காரணம். மெல்ல மெல்ல மீன் மீண்டும் சட்டிக்கு வந்தபோது, கடலோடு இருந்த பழைய உறவும் மீண்டும் துளிர்த்தது எனலாம்.

மனைவியை இழந்த ஆண்களுக்கு இது கடினமான பாடமாயிற்று. அடுப்பங்கரைப் பக்கமே செல்லாதிருந்தவர், பிள்ளைகளுக்காகப் பிட்டவிக்கவும் பால்தேநீர் கலக்கவும் வேண்டியதாயிற்று. மூத்தம்மாமாரும் சாச்சிமாரும் பிள்ளைகளைத் தம்மிடம் சேர்த்துக்கொண்ட குடும்பங்கள் உண்டு. தாய்வழி உறவு வலுவாயுள்ள சமூகத்தின் பெருந்துணை அது. எனினும் தன் கையால் ஆக்கிய சோறு குழைந்திருந்தாலும், அதைத் தன் பிள்ளை உண்பதைக் காணும் தந்தை, தன்னால் இன்னும் ஆகக்கூடியது ஒன்று உண்டு என்பதை அறிகிறான். மீட்சி பெரும்பாலும் அந்த அறிவிலிருந்தே தொடங்குகின்றது.

நாளை வகுத்துத் தந்த இன்னொன்று, இம்மக்களின் சமய வாழ்வு. சுபுஹு முதல் இஷா வரை ஐந்து வேளைத் தொழுகை, கடிகாரம் இல்லாத முகாமிலும் பொழுதை ஐந்தாகப் பகுத்தது. கணவனை இழந்த பெண்ணுக்கு நான்கு மாதமும் பத்து நாளும் இத்தாக் காலம் என்பது, துயரத்துக்கு ஒரு தொடக்கத்தையும் எல்லையையும் வகுத்தது. அலை வந்து நான்கு வாரம் நிறையுமுன் ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. அவ்வாண்டு ஒக்டோபரில் நோன்பு வந்தபோது ஸஹருக்கு எழுவதும் நோன்புக் கஞ்சி காய்ச்சுவதும் நாளின் உருவத்தை மீண்டும் தந்தன. அயலூர்த் தமிழர்களுக்குக் கோயிலும் சடங்கும் இதே பணியைச் செய்தன.

அடுத்தது உடல் உழைப்பு. இக்கரையில் அதற்குத் தனியிடம் தேட வேண்டியதில்லை. கரைவலை இழுக்கும்போது தோளும் காலும் மூச்சும் ஒரு தாளத்துக்கு இயங்குகின்றன. பலர் சேர்ந்து இழுத்தாலன்றி வலை கரைக்கு வாராது; ஆதலின் தனிமைக்கும் அங்கு இடமில்லை. மருதமுனையில் தறியில் அமர்பவரின் காலும் கையும் ஓயாது அசைகின்றன. நூலில் கண் தவறினால் சேலை பழுதாகும். கடற்கரை மணலில் இளைஞர்கள் ஆடும் உதைபந்தாட்டமும் கிரிக்கெட்டும், முன்னோர் போற்றிய சீனடி சிலம்படியும் பொல்லடியும் உடலை இயக்கி உள்ளத்தை மலர்த்துபவை. வயது முதிர்ந்தோருக்கு அதிகாலை நடை போதுமானது.

இவை வெறும் நம்பிக்கைகள் அல்ல. 1970களில் பீட்டர் லூயின்சோன் என்ற அமெரிக்க உளவியலாளர் ஓர் உண்மையை எடுத்துக் காட்டினார். மனம் சோர்ந்தவர் செயல்களைக் கைவிடுகிறார். செயல்களைக் கைவிடுவதால் மகிழ்ச்சி தருபவை குறைகின்றன. அதனால் சோர்வு மேலும் வளர்கின்றது. இவ்வட்டத்தை உடைப்பதற்கு, மனம் தெளியும்வரை காத்திராது சிறிய செயலொன்றைத் தொடங்கிவிட வேண்டும் என்பதே அதன் படிப்பினை. 1996இல் நீல் ஜேக்கப்சனும் அவரது துணைவர்களும் வெளியிட்ட ஆய்வில், செயல்களை மீட்டெடுக்கும் பகுதி மட்டுமே முழுமையான உளச்சிகிச்சைக்கு ஈடான பலனைத் தந்தமை கண்டறியப்பட்டது. உலக சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட எளிய உளவியல் உதவி முறையிலும் இப்பயிற்சி இடம்பெற்றுள்ளது. உடற்பயிற்சியைப் பற்றி 218 ஆய்வுகளைத் தொகுத்து 2024இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் வெளியான கட்டுரை, நடையும் மெதுவான ஓட்டமும் மனச்சோர்வைத் தணிப்பதாகக் கூறுகின்றது.

ஆழிப்பேரலைக்குப் பின் பல நாடுகளிலிருந்தும் உளவள ஆலோசகர்கள் இலங்கைக்கு வந்தனர். நேர்ந்ததை ஒரே அமர்வில் முழுவதும் சொல்லச் செய்தால் மனப்பாரம் இறங்கிவிடும் என்ற கருத்து அக்காலத்தில் சிலரிடம் இருந்தது. அம்முறையை உலக சுகாதார நிறுவனம் இன்று பரிந்துரைப்பதில்லை. 2007இல் பன்னாட்டு நிறுவனங்கள் இணைந்து வகுத்த வழிகாட்டி, பாடசாலை, வழிபாடு, தொழில் முதலிய வழமையான செயல்களை விரைவில் மீளத் தொடங்குவதையும், உறவினரும் அயலாரும் ஒருவருக்கொருவர் உதவுவதையும் வலியுறுத்துகின்றது. பேச விரும்புபவர் பேசட்டும். பேச விரும்பாதவரை வற்புறுத்தலாகாது.

பெருந்துயரிலிருந்தோ, நோயிலிருந்தோ, தொழிலிழப்பிலிருந்தோ மீள முயல்பவர் எவ்வாறு தொடங்கலாம்? முதலாவதாக, எழும் நேரத்தை நிலைப்படுத்த வேண்டும். இரவில் உறக்கம் எப்போது வரும் என்பது நம் வசத்தில் இல்லை. காலையில் எழுவது பெரும்பாலும் நம் வசத்தில் உள்ளது. காலை வெளிச்சம் உடலின் உட்கடிகாரத்தைச் சீர்செய்வதால் நாளடைவில் உறக்கமும் ஒழுங்குக்கு வரும். இரண்டாவதாக, ஒருவேளை உணவையேனும் வீட்டில் சமைத்து, கூடியிருந்து உண்ண வேண்டும். மூன்றாவதாக, முதல் வாரம் பத்து நிமிடம் நடந்தாற் போதும். பின்னர் நாளொன்றுக்கு அரை மணி, வாரத்தில் ஐந்து நாள் என உயர்த்தினால், உலக சுகாதார நிறுவனம் கூறும் 150 நிமிட அளவு நிறைவேறும். நான்காவதாக, நாள்தோறும் ஒருவரையேனும் சந்தித்து நலம் விசாரிக்க வேண்டும். ஒருநாள் தவறினால் எல்லாம் தவறிற்று என்று எண்ணாது, மறுநாள் விட்ட இடத்தில் தொடர்வதே முறை.

இங்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. ஒழுங்கும் உணவும் நடையும் எல்லாத் துயருக்கும் மருந்தாகா. பல வாரங்களாக உறக்கமின்மை, உணவில் வெறுப்பு, எதிலும் நாட்டமின்மை என்பன நீடித்தால், அல்லது உயிர் வாழ்வதே வேண்டாம் என்ற எண்ணம் தோன்றினால், காலந்தாழ்த்தாது வைத்தியரை நாட வேண்டும். அது ஈமானின் குறைவுமன்று, வீரத்தின் குறைவுமன்று. ஆழிப்பேரலையின் அனுபவமே 2005இல் இலங்கை தனக்கெனப் புதிய மனநலக் கொள்கையொன்றை ஏற்க உந்துதலாயிற்று. மனநல சேவையை மாவட்டங்கள்தோறும் பரப்புவது அதன் நோக்கங்களுள் ஒன்று.

இன்று இக்கரையை எதிர்நோக்கும் இன்னொரு அலை ஓசையின்றி வருவது. அதுவே நீரிழிவு. இலங்கையில் வயதுவந்தோரில் ஐவரில் ஒருவருக்கு மேல் இந்நோய் இருப்பதாக அண்மைய ஆய்வு கூறுகின்றது. தட்டு நிறைய வெள்ளைச் சோறு, நாளுக்குப் பலமுறை சீனி நிறைந்த தேநீர், மாலையில் கடைப் பலகாரம், அருகிலுள்ள கடைக்கும் மோட்டார் சைக்கிள் என்ற வாழ்க்கை அதற்கு வழி திறக்கின்றது. இதற்கும் மருந்தோடு சேர்ந்து உதவுபவை அதே எளிய துணைகளே. சோற்றைச் சிறிது குறைத்து, தவிட்டோடு கூடிய சிவப்பரிசியைச் சேர்த்து, தட்டில் பாதியைக் கீரையாலும் மரக்கறியாலும் நிரப்பி, மீனைப் பொரிப்பதற்குப் பதிலாக ஆணமாக்கி உண்டு, அந்தியில் கரையோரம் நடந்தால் உடல் நன்றி சொல்லும். மருந்து உட்கொள்வோர் அளவு மாற்றங்களை வைத்தியரைக் கேட்டே செய்தல் வேண்டும்.

இருபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்துவிட்டன. கரையிலிருந்து பெயர்ந்தவர்களுக்காகச் சாய்ந்தமருதில் பொலிவேரியன் கிராமம் போன்ற குடியிருப்புகள் எழுந்துள்ளன. ஆண்டுதோறும் டிசம்பர் 26 அன்று மக்கள் மாண்டோருக்காகக் கையேந்துகின்றனர். துயரம் மறைந்துவிட்டது என்று எவரும் கூறார். ஆனால் அத்துயரத்தோடு நடக்கக் கற்றுக்கொண்டவர் பலர். விடியலில் பாங்கோசை கேட்கின்றது. தோணிகள் கடலுக்கு இறங்குகின்றன. வீடுகளில் அடுப்பு மூட்டப்படுகின்றது. மாண்டோரை அவை மீட்டுத் தாரா. எஞ்சியோரை ஒரு நாளிலிருந்து அடுத்த நாளுக்குக் கைபிடித்து அழைத்துச் செல்ல அவை போதுமானவையாய் இருந்தன.