கைமாறாமல் போகும் கோப்பு

பல கணினிகள் கேட்கும் கோப்புகளை எடுத்துக் கொடுக்கும் கணினிக்கு ஃபைல் சர்வர் என்று பெயர். ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ஆராய்ச்சி மாணவராயிருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 1992இல் இப்பணிக்கென ஒரு நிரலை வெளியிட்டார். பின்னாளில் அது சாம்பா என்ற பெயர் பெற்றது.

கோப்பு ஒன்றைக் கேட்டதும், இயக்க முறைமையின் மையமாகிய கெர்னல் அதை டிஸ்கிலிருந்து தன் நினைவகத்திற்குக் கொண்டுவரும். சாம்பா அதைத் தன் இடத்தில் பிரதி எடுத்துக்கொள்ளும். அனுப்பும்போது கெர்னல் மறுபடியும் பிரதி எடுக்கும். ஓர் எழுத்துகூட மாறாத தகவலுக்கு எத்தனை வீண் உழைப்பு! தோழியின் நோட்டைப் பார்த்து எழுதி, எழுதியதையே இன்னொரு முறை எழுதிக் கொடுப்பது போலத்தான்.

1999இல் வந்த லினக்ஸ் 2.2 பதிப்பில் சென்ட்ஃபைல் என்ற கட்டளை இருந்தது. "கோப்பை நீயே அனுப்பிவிடு" என்று கெர்னலிடம் சொல்லிவிடலாம். சாம்பாவும் பிறகு இவ்வழியைக் கைக்கொண்டது.

இதில் ஒரு சங்கடம் உண்டு. "இத்தனை பைட் வருகிறது" என்று பதிலின் தொடக்கத்திலேயே சொல்லியாக வேண்டும். அதற்குள் வேறொருவர் கோப்பைச் சுருக்கிவிட்டால்? சொன்னதைத் திரும்பப் பெற முடியாதே! குறைந்த இடத்தைச் சாம்பா பூஜ்யங்களால் நிரப்பி அனுப்புகிறது. இது சரிதானா என்று எனக்கு ஐயம்தான். ஆயினும் பாதியில் நின்றுவிடுவதைவிட மேல். வழியில் யாரும் மாற்றாதிருக்கக் கையொப்பமிட்டு அனுப்பும் தகவலுக்கோ சென்ட்ஃபைல் உதவாது. படிக்காமல் கையொப்பமிட முடியாதல்லவா? அங்கே பழைய வழிதான்.