41% ஆல்கஹால்... இது பீரா, விஸ்கியா?

'ஸ்ட்ராங்' என்று லேபிள் ஒட்டிய பீரில் அதிகபட்சம் எவ்வளவு ஆல்கஹால் இருக்கும்? நம் நாட்டு விதிப்படி 8%. ஆனால், ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ப்ரூடாக் நிறுவனம் 2010-ல் விற்ற ஒரு பீரில் இருந்தது 41%. கிட்டத்தட்ட விஸ்கி அளவு! எப்படி முடிந்தது?

பீரில் ஆல்கஹாலை உண்டாக்குவது ஈஸ்ட். சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலை வெளியேற்றும். பிரச்னை என்னன்னா, அந்த ஆல்கஹாலே ஒரு கட்டத்துக்கு மேல் ஈஸ்ட்டுக்கு விஷம். பீருக்குப் பயன்படும் பெரும்பாலான ஈஸ்ட் வகைகள் 10 - 12% வந்ததுமே சோர்ந்துவிடும். ஷாம்பெயின் ஈஸ்ட் மாதிரி தாக்குப்பிடிக்கும் ரகங்களைச் சேர்த்து, பீப்பாய்களில் வருடக்கணக்கில் ஊறவைத்து, அமெரிக்காவின் சாமுவேல் ஆடம்ஸ் நிறுவனம் 'யுடோபியாஸ்' பீரை 28% அளவுக்குக் கொண்டுபோனது. அதில் நுரையே இருக்காது. பிராந்தி மாதிரி சின்ன கிளாஸில் கொஞ்சமாக ஊற்றிக் குடிக்க வேண்டியதுதான்.

அதையும் தாண்ட வேண்டுமென்றால் ஒரே வழி, ஃப்ரீசர்.

குச்சி ஐஸை உறிஞ்சினால் கலரும் இனிப்பும் முதலில் வந்துவிடும், வெள்ளை ஐஸ் மட்டும் மிஞ்சும் இல்லையா? அதே கதைதான். தண்ணீர் 0 டிகிரியில் உறையும். ஆல்கஹால் உறைய மைனஸ் 114 டிகிரி வேண்டும். பீரை உறையவைத்து ஐஸை எடுத்துப் போட்டால், மிஞ்சுகிற திரவத்தில் ஆல்கஹால் அடர்த்தியாகிவிடும். ப்ரூடாக் 2009-ல் 10% பீர் ஒன்றை ஐஸ்க்ரீம் ஃபேக்டரியில் மைனஸ் 20 டிகிரியில் 3 வாரம் வைத்து, 32%-க்கு ஏற்றியது. மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஐஸாகப் போயிருக்கும். விலை எகிறுவதில் ஆச்சர்யமில்லை.

ஜெர்மனியின் ஷோர்ஷ்ப்ராய் சும்மா இருக்குமா? 40%-ல் இறக்கியது. பதிலுக்கு ப்ரூடாக் 41%-ல் விட்டதுதான் 'சிங்க் த பிஸ்மார்க்'. 1941-ல் பிரிட்டன் மூழ்கடித்த ஜெர்மன் போர்க்கப்பலின் பெயர் அது. பச்சையான வம்பிழுப்பு! ஜெர்மன் தரப்பு 43% என்றது. ப்ரூடாக் 55%-ல் விட்ட பீர், பாடம் செய்த அணில், கீரி போன்ற ஸ்டோட் விலங்கு ஆகியவற்றின் உடலுக்குள் பாட்டிலை வைத்து விற்கப்பட்டது. இதெல்லாம் ருசிக்கான போட்டியாகத் தெரியவில்லை. 2013-ல் இன்னொரு ஸ்காட்லாந்து நிறுவனம் 'ஸ்நேக் வெனம்' என்ற பீரை 67.5% என்று சொல்லி விற்றது.

சரி, இவை பீர்தானா? விஸ்கி, பிராந்தி காய்ச்சி வடிக்கப்படுபவை. இங்கே சூட்டுக்குப் பதில் குளிர், அவ்வளவுதான். அமெரிக்காவில் ஓர் அளவுக்கு மேல் ஐஸை நீக்கினால் அதை வடிப்பதாகவே கணக்கில் எடுப்பார்கள்.

பேர் எதுவாக இருந்தாலும் உடம்புக்குக் கணக்கு ஒன்றுதான். 330 மி.லி. பாட்டிலில் 41% என்றால், சுத்த ஆல்கஹால் மட்டும் 135 மி.லி. 5% பீரில் அதே சைஸ் பாட்டிலில் இருப்பது 16.5 மி.லி. 'ஒரு பீர்தானே மச்சி' என்று காலி செய்தால், எட்டு பீர் உள்ளே போயிருக்கும்.