கொம்பு முளைத்த இரு வண்டுகள்

காண்டாமிருக வண்டும் சைலோட்ரூபஸ் வண்டும் டைனாஸ்டினே என்ற ஒரே பிரிவைச் சேர்ந்தவை. இரண்டுமே இரவில் பறந்து விளக்கு வெளிச்சத்துக்கு வரும். ஆனால் கொம்பைப் பார்த்தாலே எது எது என்று சொல்லிவிடலாம்.

தென்னை நிற்கும் இடங்களில் வாழக்கூடியது காண்டாமிருக வண்டு. 35 முதல் 50 மில்லிமீட்டர் நீளம், கருநிறம், தலையில் பின்னோக்கி வளைந்த ஒற்றைக் கொம்பு. ஆண், பெண் இரண்டுக்கும் கொம்பு உண்டு, ஆணுக்குச் சற்று நீளம். பெண்ணின் வயிற்று நுனியில் செம்பழுப்பு மயிர் அடர்ந்திருக்கும்.

தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உள்ள சைலோட்ரூபஸ் மெரிடியோனாலிஸில் கொம்பு ஆணுக்கு மட்டுமே. தலையிலிருந்து ஒன்று மேலே வளையும். மார்பிலிருந்து இன்னொன்று முன்னே நீளும். இரண்டின் நுனியும் கவைபோல் பிளந்திருக்கும். எதிரியை இடுக்கித் தூக்கி எறிய இந்த அமைப்பு ஏற்றது. புழுப்பருவத்தில் நல்ல தீனி கிடைத்த ஆணுக்குக் கொம்பு நீளும், கிடைக்காததற்குக் குட்டையாகவே நின்றுவிடும். கையில் பிடித்தால் வயிற்றை இறக்கை உறையில் தேய்த்துச் சீறும். கடிக்காது. வட தாய்லாந்தில் இதன் பேரினத்து ஆண்களைக் கட்டையில் ஏற்றி, உள்ளே பெண் வண்டை மறைத்துவைத்துச் சண்டைக்கு விடுவார்கள்.

இத்தனை ஆயுதம் தரித்த சைலோட்ரூபஸ் இளங்கிளைப் பட்டையைச் சுரண்டிச் சாறு குடிப்பதோடும் கனிந்த பழத்தைத் தின்பதோடும் பெரும்பாலும் நின்றுவிடுகிறது. தென்னைக்கு எமன் ஒற்றைக் கொம்பன்தான். மரத்தைக் கெடுப்பது அதன் கொம்பல்ல, தாடை. விரியாத குருத்துக்குள் துளைத்து இறங்கி, நாரை மென்று சாற்றை உறிஞ்சிச் சக்கையைத் துளைவாயில் தள்ளும். அந்தக் குருத்து விரியும்போது மட்டையின் இருபுறமும் கத்தரியால் வெட்டியதுபோல் முக்கோணமாக ஓலை குறைந்திருக்கும். வளர்நுனி அறுபட்டால் இளங்கன்று பட்டுப்போகும். பெரிய மரம் பிழைத்தாலும், காயத்தில் சிவப்புக் கூன்வண்டு முட்டையிட வழி பிறக்கிறது. அது இன்னும் பெரிய கேடு.

இரண்டின் புழுக்களும் உயிருள்ள மரத்தைத் தொடுவதில்லை. மட்கிய பொருளைத் தின்றே வளர்பவை. காண்டாமிருக வண்டு எருக்குழியிலும் பட்டுப்போன தென்னந்தண்டிலும் முட்டையிடும். ஆகவே மரத்தைக் காக்கும் வேலை எருக்குழியில் தொடங்குகிறது: எருவைக் கிளறி வெள்ளைப் புழுக்களைப் பொறுக்குவது, புழுக்களைக் கொல்லும் மெட்டாரைசியம் பூஞ்சாணத்தைக் கலப்பது. கொண்டையில் ஏறிய வண்டைக் கொக்கிக் கம்பியால் குத்தி எடுப்பார்கள். ஆமணக்குப் புண்ணாக்கு ஊறவைத்த மண்பானைகளைத் தோப்பில் வைத்தால் வண்டுகள் வாசனைக்கு வந்து விழும்.