எறிதலா, சுழற்றுதலா?

விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பேர்போன ஊர். பொம்மைகளும் மின்சாரப் பியூஸ் கட்டைகளும் அங்கே செய்யப்படுகின்றன. அவ்வூர்ச் சபையொன்றில் எரேமியா 18ஆம் அதிகாரத்தின்மேல் இளம் ஊழியர் ஒருவர் பிரசங்கிக்கக் கேட்டோம். குயவன் பாத்திரத்தை 'த்ரோ' செய்தான் என்று ஆங்கில விளக்கநூலொன்றில் கண்டதை அவர் 'எறிந்தான்' என்று கொண்டார். கெட்டுப்போன மண்ணைக் குயவன் எறிந்ததுபோலத் தவறினோரைக் கர்த்தர் எறிந்துவிடுவார் என்றும் எச்சரித்தார். ஆராதனை முடிந்தபின், மண்ணிலே கைவைத்துப் பிழைக்கும் முதியவர் ஒருவர் நம்மிடம் வந்து, "ஐயா, பச்சை மண்ணை எவனாவது எறிவானா?" என்றார்.

முதியவர் சொன்னதே சரி. 'த்ரோ' என்னும் வினை பழைய ஆங்கிலத்தில் 'த்ராவன்' என வழங்கிற்று; முறுக்குதல், சுழற்றுதல் என்பனவே அதன் பொருள். 'சுழற்று' எனப் பொருள்படும் ஜெர்மானியச் சொல்லாகிய 'ட்ரேயன்' இதற்கு உறவு. முறுக்கிய நூலைக் குறிக்கும் 'த்ரெட்' என்னும் ஆங்கிலச் சொல்லும் இவ்வேரினதே. எறிதலுக்கு அக்காலத்தில் 'வெயோர்பன்' என்னும் வேறு வினை இருந்தது. அதுவோ இன்று 'வார்ப்' என உருமாறி, பலகை கோணுதலைக் குறிக்கின்றது. இவ்வாறு இரு வினைகளும் தம் பொருளை ஏறக்குறைய மாற்றிக்கொண்டன. எனினும் குயவரும் பட்டுநூல் முறுக்குவோரும் 'த்ரோ' என்பதன் பழம்பொருளைத் தங்கள் தொழிலில் காத்துவந்தனர். ஆகவே குயவன் 'த்ரோ' செய்தான் எனில், சக்கரத்தில் சுழற்றி வனைந்தான் என்பதே கருத்து.

இனி எபிரெய மூலத்தை நோக்குவோம். குயவனைக் குறிக்கும் 'யோட்சேர்' என்பது 'உருவாக்குகிறவன்' எனப் பொருள்படும். ஆதியாகமம் 2:7இல் தேவன் மனிதனை உருவாக்கினதைச் சொல்லும் வினையும் இதுவே. எரேமியா 18:4இல் மண் கெட்டபோது குயவன் செய்ததை மூலம் 'ஷூப்' என்னும் வினையால் தொடங்குகிறது. 'திரும்புதல்' என்பது அதன் பொருள். 'மறுபடியும்' என்னும் கருத்தை அது இங்கே தருகிறது. அதே வினை 8, 11 ஆகிய வசனங்களில் ஜனங்களின் மனந்திரும்புதலையும் குறிக்கிறது. குயவனும் திரும்புகிறான், மண்ணும் திரும்பவேண்டும் என்று இவ்வதிகாரம் பேசுவதாக நாம் கொள்ளலாம்.

இதனால் எச்சரிப்பு இல்லாமற் போகவில்லை. அடுத்த அதிகாரத்தில் தீர்க்கதரிசி உடைப்பது சூளையில் வெந்த கலயம். அதை மீண்டும் வனைய இயலாது. பச்சை மண்ணுக்கோ இன்னும் காலம் உண்டு. இவ்விரண்டையும் கலந்து பிரசங்கிப்போமானால், திரும்பக்கூடியவனை 'நீ எறியப்பட்டவன்' என்று நம்பவைத்த குற்றம் நம்மேல் சுமரும். பீடத்தில் ஏறுமுன் ஒரு வினைச்சொல்லின் வேரைத் தேடுவது வீண் புலமையன்று. அது ஆத்துமாக்களைக் காக்கும் மேய்ப்புப் பணியே.